கீழடி எத்தனை வருஷம் பழசு? ஒரு தேதி எப்படிக் கிடைக்குது

துருக்கி எபிசோடுக்கு வந்த கமென்ட்ல ஒண்ணு மனசுல ஒட்டிக்கிச்சு. "கோபெக்லி டெபே 11,500 வருஷம் பழசுன்னு சொன்னீங்க. அந்தக் கல்லுல யாரு தேதி போட்டு வச்சா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கிண்டலாத்தான் கேட்டிருக்கார், ஆனா கேள்வி நூத்துக்கு நூறு சரி. அதே கேள்வியை நம்ம ஊருக்குத் திருப்பினா, கீழடி கிமு 580-ன்னு எல்லாரும் சொல்றோம். மீம்ல இருக்கு, மேடையில இருக்கு, டி-ஷர்ட்ல கூட வந்தாச்சு. அந்த 580 எங்கிருந்து வந்துச்சு? அதை எவ்வளவு நம்பலாம்? இன்னைக்கு முழுக்க அந்த ஒரே கேள்விதான்.

நான் தொல்லியல் படிச்ச ஆள் இல்ல, சாஃப்ட்வேர் ஆளு. வேலையில தினமும் லாக் ஃபைல் பார்த்துப் பழகினதால "இந்தத் தேதி எப்படி வந்துச்சு"ங்கிற கேள்வி மட்டும் விடாம வரும்.

முதல்ல இடம்

காரைக்குடிக்காரங்களுக்குக் கீழடி அடுத்த வீடு மாதிரி. ஒரே சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் தாலுகா. ஆனா மதுரையிலிருந்து போனா பதிமூணு கிலோமீட்டர் பக்கம்தான், நமக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. 2013-14-ல இந்தியத் தொல்லியல் துறையோட கே. அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வைகை ஆத்தோட ரெண்டு கரையிலயும் சர்வே பண்ணிச்சு. பழைய மனுஷ நடமாட்டம் தெரியுற இடங்கள்னு 293 இடம் குறிச்சாங்க. அதுல ஒண்ணுதான் கீழடி பள்ளிச்சந்தை திடல். சுமார் 110 ஏக்கர் மேடு, மேல தென்னந்தோப்பு. தோப்பா இருந்ததாலதான் அது பிழைச்சது. வீடு கட்டியிருந்தா வானம் தோண்டும்போதே பாதி போயிருக்கும்.

2014-லிருந்து 2016 வரை ரெண்டு கட்டம் அவர் தலைமையில நடந்துச்சு. 2017-ல அவரைக் குவாஹாட்டிக்கு மாத்தினாங்க. மூணாவது கட்டத்தை பி.எஸ். ஸ்ரீராமன் பார்த்தார், செங்கல் கட்டுமானத்தோட தொடர்ச்சி கிடைக்கலன்னு சொன்னார். அதுக்கப்புறம் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை எடுத்துக்கிச்சு. நாலாவது கட்டத்துல மட்டும் 5,820 பொருள் கிடைச்சது. தக்களி, தாயக்கட்டை, வட்டச் சில்லு, பாசிமணி, தங்கத் துணுக்கு, பேரைக் கீறி வச்ச பானை ஓடுன்னு போகுது பட்டியல். உறைகிணறு, செங்கல் சுவர் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விரிச்சா இன்னைக்குப் பொழுது போயிடும்.

2019 செப்டம்பர்ல அந்த நாலாவது கட்ட அறிக்கையை மாநில அரசு வெளியிட்டுச்சு. ஆறு கரித்துண்டு மாதிரிகளை அமெரிக்காவுல மயாமியில இருக்கிற பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாங்க. 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த ஒண்ணுக்குக் கிமு 580. 200 சென்டிமீட்டர்ல எடுத்த இன்னொண்ணுக்குக் கிமு 205. நமக்கு வேண்டிய 580 இங்கதான் பிறக்குது.

என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதைப் பார்த்ததும் கை ஊறும். 153 சென்டிமீட்டர் மண்ணு, 375 வருஷம். வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டர். அப்போ 300 சென்டிமீட்டர்ல கிடைச்ச ஓடு எந்த வருஷம்னு கோடு போட்டுப் பார்த்துடலாமே? கூடாது. ஏன்னு தெரிய, நம்ம ஊர் வீட்டுக்குள்ள ஒரு எட்டு போயிட்டு வருவோம்.

ஆழம் வேற, அடுக்கு வேற

பழைய செட்டிநாட்டு வீடு ஒண்ணை நினைச்சுக்கங்க. வளவு ஓரத்துல தரையைப் பெயர்க்கிறோம். மேல ஆத்தங்குடிக் கல்லு. அதுக்குக் கீழ சுண்ணாம்புத் தளம். அதுக்கும் கீழ கொட்டி நிரப்பின மண்ணு. அந்த மண்ணுக்குள்ள 1907-ம் வருஷ வெள்ளி ரூபாய் ஒண்ணு கிடைக்குது. என்ன சொல்லலாம்? இந்தத் தரையை 1907-க்கு முன்னாடி போட்டிருக்க முடியாது. அவ்வளவுதான். 1908-ல போட்டிருக்கலாம், 1935-லயும் போட்டிருக்கலாம். காசு ஒரு எல்லையை மட்டும்தான் கொடுக்கும்.

இப்ப அதே வீட்டுல 1975 வாக்குல பின்கட்டுல செப்டிக் டேங்குக்கு ஒரு குழி வெட்டி, இடம் சரியில்லன்னு மூடிட்டாங்கன்னு வைங்க. மூடுற மண்ணோட ஒரு எவர்சில்வர் கரண்டியும் உள்ள போயிடுச்சு. கரண்டி அஞ்சடி ஆழத்துல கிடக்கு. வெள்ளி ரூபாய் ரெண்டடியில கிடக்கு. ஆழத்தை மட்டும் பார்க்கிறவன் கரண்டிதான் பழசுன்னு சொல்லிடுவான்.

அகழாய்வுல இதுதான் தினசரித் தலைவலி. குப்பைக்குழி, உறைகிணறு வெட்டின குழி, எலி வளை, தென்னை வேர் எல்லாம் மேல இருக்கிறதைக் கீழ கொண்டுபோகும், கீழ இருக்கிறதை மேல கொண்டுவரும். அதனாலதான் தோண்டுறவங்க குழியோட நாலு பக்கச் சுவரையும் செதுக்கி வச்சு, நிறம், ஈரம், கெட்டித்தனம், கலந்திருக்கிற பொருள் எல்லாம் பார்த்து அடுக்கு அடுக்கா நம்பர் கொடுப்பாங்க. ஒரு பொருள் எத்தனை சென்டிமீட்டர்ல கிடைச்சதுங்கிறதை விட எந்த அடுக்குல, எந்தக் குழிக்குள்ள கிடைச்சதுங்கிறதுதான் அதோட விலாசம். நம்ம பாஷையில சொன்னா, டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைல். எது முன்னாடி, எது பின்னாடின்னு வரிசை மட்டும் தெரியும். அந்த வரிசையும் கலைஞ்சிடுச்சுன்னா கையில ஒண்ணும் இல்ல.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருப்பீங்க. எனாமல் கிண்ணம், பர்மா அரக்குப் பாத்திரம், கதவு, தூண்னு எல்லாம் அழகா இருக்கும். ஆனா எந்த வீட்டு எந்தக் கட்டுல எதுக்குப் பக்கத்துல இருந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. பொருள் முழுசா இருக்கும், விலாசம் போயிருக்கும். ஒரு தொல்லியல்காரருக்கு உடைஞ்ச ஓடு அடுக்கோட கிடைக்கிறது, முழுப் பானை விலாசமில்லாமல் கிடைக்கிறதை விடப் பெரிய வரம்.

கரி எப்படி வயசு சொல்லுது

அடுக்கு வரிசை கொடுக்கும், எண் கொடுக்காது. எண்ணுக்குத்தான் கார்பன் டேட்டிங். அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி 1949-ல செஞ்சு காட்டினார், 1960-ல நோபல் வாங்கினார்.

விஷயம் இதுதான். விண்வெளியிலிருந்து வர்ற கதிர்கள் காத்து மண்டலத்துல மோதும்போது கார்பன்-14னு ஒரு கதிரியக்க வகை உருவாகிட்டே இருக்கு. லட்சம் கோடி கார்பன் அணுவுக்கு ஒண்ணுங்கிற அளவுல, ரொம்பக் கொஞ்சம். செடி அதை உறிஞ்சும், மாடு செடியைத் தின்னும், நாம ரெண்டையும் தின்போம். உயிர் இருக்கிற வரைக்கும் வரவும் செலவும் சமம். செத்த நிமிஷத்துல வரவு நின்னுடும், செலவு மட்டும் ஓடும். 5,730 வருஷத்துல பாதியாகும். 2,500 வருஷப் பழைய கரியில ஆரம்பத்துல இருந்ததுல சுமார் 74 சதவீதம் மிச்சம் இருக்கும்.

இந்த அளவுல ஒரு சதவீதம் தப்பினா எண்பது வருஷம் தள்ளிப் போயிடும். எவ்வளவு நுணுக்கமா அளக்கணும் பாருங்க. லிபி காலத்துல அணு சிதையும்போது வர்ற சத்தத்தை எண்ணினாங்க, அதுக்குக் கை நிறையக் கரி வேணும். இப்ப ஏஎம்எஸ்னு சொல்ற முடுக்கி முறையில அணுவையே நேரா எண்ணிடுறாங்க, ஒரு நெல்மணி போதும். இந்தியாவுலயும் டெல்லி, அகமதாபாத்ல அந்த வசதி வந்தாச்சு.

கழுவுறதுலயும் வேலை இருக்கு. தென்னந்தோப்புக்குக் கீழ எடுத்த கரியில இன்னைக்கு ஓடுற வேரோட கார்பன் ஒட்டியிருக்கும். அமிலம், காரம், மறுபடியும் அமிலம்னு மாத்தி மாத்திக் கழுவித்தான் அளப்பாங்க. கழுவாம அளந்தா கரி இளமையாத் தெரியும்.

இன்னொரு பொறி இருக்கு. கரி சொல்றது அந்த மர வளையம் வளர்ந்த வருஷத்தை. அடுப்புல எரிச்ச வருஷத்தை இல்ல. இதுக்கும் நம்ம ஊர் உதாரணம்தான். காரைக்குடிப் பக்கம் இடிச்ச வீட்டுப் பர்மா தேக்குத் தூணை வாங்கிட்டுப் போய்ப் புதுசா கட்டுற ரிசார்ட்ல நிறுத்துறாங்க இல்லையா? நாளைக்கு அந்த ரிசார்ட் எரிஞ்சுபோய், தூண் கரியை ஒருத்தர் டெஸ்ட் பண்ணினார்னா வர்ற தேதி பர்மாக் காட்டுல அந்த மரம் நின்ன காலம். ரிசார்ட்டுக்கு இருநூறு வயசுன்னு எழுதிடுவாங்க. அதனாலதான் கட்டைக் கரியை விட நெல்லு, பயறு மாதிரி ஒரே வருஷத்துல விளைஞ்சு முடியுற பொருளுக்கு மவுசு அதிகம்.

பிளஸ் ஆர் மைனஸ் முப்பது

2017-ல கீழடி முதல் கட்டங்கள்ல எடுத்த ரெண்டு மாதிரியோட முடிவை மத்திய அமைச்சர் நாடாளுமன்றத்துல சொன்னார். 2,160, 2,200, ரெண்டுக்கும் பிளஸ் ஆர் மைனஸ் 30. உடனே செய்தியில "கீழடி 2,200 வருஷம் பழசு"ன்னு வந்துச்சு. இதுல ரெண்டு விஷயம் காணாம போச்சு.

ஒண்ணு, அந்த 2,200 காலண்டர் வருஷம் இல்ல. அது ஆய்வகம் தர்ற "கார்பன் வயசு". 1950-லிருந்து பின்னோக்கி எண்ணுவாங்க, காத்துல கார்பன்-14 எப்பவும் ஒரே அளவுல இருந்துச்சுன்னு ஒரு அனுமானத்தோட. அந்த அனுமானம் தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். சூரியனோட ஆட்டத்தைப் பொறுத்து, பூமியோட காந்தப்புலத்தைப் பொறுத்து அது ஏறி இறங்கும். அதனால மர வளையங்களை வச்சுத் திருத்தம் பண்ணுவாங்க. வருஷத்துக்கு ஒரு வளையம், ஒவ்வொரு வளையத்துலயும் அந்த வருஷக் காத்தோட சாம்பிள். பழைய மரங்களை ஒண்ணோட ஒண்ணு கோத்து பன்னெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல போயிட்டாங்க. அந்த வளைகோட்டோட 2020 பதிப்பு பேரு இன்ட்கால்-20. அதுல போட்டுப் பார்த்தா அந்த ரெண்டு கீழடி எண்ணும் தோராயமா கிமு 360-லிருந்து கிமு 100 வரைக்கும் பரந்து கிடக்கும். ஒரு புள்ளி இல்ல, ஒரு பட்டை.

ரெண்டாவது, அந்த ரெண்டு மாதிரியும் மேட்டோட அடிவரைக்கும் போய் எடுத்தது இல்ல. நடுவுல ரெண்டு பக்கத்தைக் கிழிச்சு, புத்தகம் எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாது.

தட்டையா ஒரு இடம்

இன்னைக்கு எபிசோடுல எனக்குப் பிடிச்ச பகுதி இது. கொஞ்சம் பொறுமையா வாங்க.

அந்த வளைகோடு சில இடத்துல செங்குத்தா இறங்கும். அங்க தேதி கூர்மையா வரும். சில இடத்துல தட்டையா ஓடும். அங்க முந்நூறு வருஷ வித்தியாசத்துல செத்த ரெண்டு மரமும் ஒரே கார்பன் வயசு காட்டும். மொத்த வளைகோட்டுலயும் பேர் போன தட்டை எது தெரியுமா? கிமு 800-லிருந்து கிமு 400 வரை. ஆஸ்திரியாவுல இருக்கிற ஹால்ஸ்டாட்ங்கிற ஊரோட பேரை வச்சு ஹால்ஸ்டாட் தட்டைன்னு சொல்லுவாங்க. ஐரோப்பிய இரும்புக்காலம் படிக்கிறவங்க ஐம்பது வருஷமா இதுல மாட்டித் திணர்றாங்க. நம்ம கீழடிச் சண்டை நடக்கிறதும் சரியா இதே நானூறு வருஷத்துலதான். துரதிர்ஷ்டம்னா இதுதான்.

உதாரணத்துக்கு, ஒரு கரிக்கு 2,450 பிளஸ் ஆர் மைனஸ் 30-ன்னு வந்தா, திருத்தத்துக்கப்புறம் அது கிமு 755-லிருந்து கிமு 410 வரை எங்க வேணா இருக்கலாம். கிமு 580 அந்தப் பட்டைக்குள்ள இருக்கு. கிமு 700-உம் இருக்கு, கிமு 450-உம் இருக்கு. ஒரே ஒரு மாதிரியை வச்சுக்கிட்டு "580, அதுக்கு ஒரு வருஷம் குறையாது"ன்னு நெஞ்சை நிமிர்த்துறது சரியில்ல. நம்ம பக்கத்து ஆட்கள் கோவிச்சுக்காதீங்க, அறிவியல் அப்படித்தான்.

ஆனா இதே தட்டை எதிர்ப்பக்கத்தையும் விடாது. ஒரு மாதிரி இந்தத் தட்டைக்குள்ள விழுந்துடுச்சுன்னா, அது எவ்வளவு பழசுன்னுதான் சந்தேகம். எவ்வளவு புதுசுங்கிறதுக்கு ஒரு தரை இருக்கு, அது கிமு 400 பக்கம். அதுக்குக் கீழ இழுத்து "இதெல்லாம் கிமு 300-தான்"னு சொல்லணும்னா வளைகோட்டைத் தொட்டுப் பிரயோஜனமில்ல. அது பழைய கட்டைன்னோ, கரி அந்த அடுக்கைச் சேர்ந்ததே இல்லன்னோ நிரூபிக்கணும்.

தட்டையிலிருந்து வெளிய வர வழியும் இருக்கு. ஒரே மேட்டுல அடுக்கு வரிசையா நிறைய மாதிரி எடுக்கணும். "இது அதுக்குக் கீழ இருக்கு, அதனால அதை விடப் பழசு"ங்கிற அடுக்குத் தகவலையும் எண்ணையும் சேர்த்துப் புள்ளியியல் மாதிரியில போட்டா பட்டை சுருங்கும். துருக்கியில சத்தல்ஹூயுக் மேடு எப்ப தொடங்குச்சுன்னு இப்படித்தான் இறுக்கினாங்க. 2015-ல வந்த ஆய்வு அதைக் கிமு 7100 பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துச்சு.

நூறு வருஷம் நகர்ந்த ஊர்

துருக்கியிலயே இன்னும் பொருத்தமான கதை கோர்டியன். அங்காராவுக்குத் தென்மேற்கே, சக்கார்யா ஆத்தங்கரை. தொட்டதெல்லாம் பொன்னாகும்னு கதை கேட்டிருப்பீங்களே, அந்த மிதாஸ் ராஜாவோட தலைநகர். 1950-லிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட ரோட்னி யங் தோண்டினார். கோட்டைக்குள்ள ஒரு பெரிய தீ எரிஞ்ச அடுக்கு கிடைச்சது. கிம்மேரியர்கள் படையெடுத்து வந்தாங்க, மிதாஸ் செத்தார்னு பழைய கிரேக்க எழுத்துகள்ல இருக்கு. அந்தத் தீ இதுதான்னு கிமு 700 பக்கம் தேதி வச்சாங்க. நல்ல கதை, எல்லாரும் நம்பினாங்க. சுத்துவட்டாரத்துல எத்தனையோ இடத்துக்கு இதை அளவுகோலாவும் வச்சுக்கிட்டாங்க.

பிறகு அந்தத் தீயில கருகின பார்லி, பயறு, ஆளிவிதையை எடுத்துக் கார்பன் டேட்டிங் பண்ணினாங்க. ஒரு வருஷப் பயிர், பழைய கட்டைப் பிரச்சினையே இல்ல. கிமு 800-க்குச் சற்று முன்னாடின்னு வந்துச்சு. தட்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வளைகோடு செங்குத்தா இருக்கிற இடம், அதனால கூர்மையாவே வந்துச்சு. ஒரு நூறு வருஷம் அப்படியே பின்னாடி போச்சு. மிதாஸ் அசீரிய அரசன் இரண்டாம் சார்கோன் காலத்து ஆளு, கிமு 8-ம் நூற்றாண்டு கடைசி. அவர் பிறக்கிறதுக்கு முன்னாடியே எரிஞ்ச தீ அது. "மிதாஸ் மேடு"ன்னு பேரு வச்ச 53 மீட்டர் சமாதி மேட்டுக்குள்ள இருந்த மரக்கட்டை வளையமும் கிமு 740 பக்கம்னு சொல்லிச்சு. அப்போ அது அவரோட சமாதியா இருக்க வாய்ப்பில்ல, அவங்க அப்பாவோடதா இருக்கலாம்.

2001-ல இதை அறிவிச்சப்ப எதிர்ப்பு சும்மா வரல. பானை வடிவம் பார்த்தா ஒத்துவரல, கிரேக்கப் பொருளோட தேதி ஒத்துவரலன்னு பேர் பெற்ற ஆய்வாளர்களே எழுதினாங்க. அணி அணியா கட்டுரை. கடைசியில 2011-ல அடுக்கு, பானை, மர வளையம், விதை எல்லாத்தையும் ஒண்ணா வச்சு ஒரு புத்தகமே போட்டாங்க. யார் வேணா எடுத்துச் சரிபார்க்கலாம். 2023-ல கோர்டியன் யுனெஸ்கோ பட்டியலுக்கும் வந்துடுச்சு.

நம்ம அறிக்கை

இப்ப கீழடிக்குத் திரும்புவோம். அமர்நாத் ராமகிருஷ்ணா தன்னோட ரெண்டு கட்டத்துக்கான 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில கொடுத்தார். கீழடியை மூணு காலகட்டமா பிரிச்சிருந்தார். முதல் கட்டம் கிமு 8-லிருந்து 5-ம் நூற்றாண்டு, அடுத்தது கிமு 5-லிருந்து கிமு 1, கடைசி கிமு 1-லிருந்து கிபி 3. இதுக்கு 23 ஏஎம்எஸ் தேதி பயன்படுத்தியிருக்கார்.

2025 மே மாசம் இந்தியத் தொல்லியல் துறையிலிருந்து அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி அவருக்குக் கடிதம் போச்சு. முதல் காலகட்டம் ரொம்ப முன்னாடி இருக்கு, அதிகபட்சம் கிமு 300-க்கு முன்னாடி எங்கேயாவது இருக்கலாம், தேதிக்கு ஆழம் மட்டும் சொன்னா போதாது, அடுக்கு எண்ணும் குறிக்கணும்ங்கிறது அதோட சாரம். தான் போட்ட காலக்கணிப்பு மண்ணடுக்கையும் ஏஎம்எஸ் தேதியையும் வச்சுப் போட்டதுதான், மாத்த முடியாதுன்னு அவர் பதில் எழுதினார். ஜூன்ல அவருக்கு மறுபடியும் இடமாற்றம் வந்துச்சு.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். அடுக்கு எண் கேட்டது சரியான கேள்வி. எவர்சில்வர் கரண்டிக் கதை இப்பதானே கேட்டீங்க. ஆனா "கிமு 300"ங்கிற எண்ணுக்கும் அதே கேள்வி பொருந்தும். அது எந்த அடுக்குலயிருந்து, எந்த மாதிரியிலயிருந்து வந்துச்சு? நாங்க கோட் எழுதினா அடுத்தவங்க ரிவ்யூ பண்ணாம மெயின்ல சேர்க்க முடியாது. ரிவ்யூல கடுமையா கமென்ட் வரும், அது நல்லது. ஆனா ரெண்டு வருஷம் நாலு மாசம் கழிச்சு வர்ற முதல் கமென்ட், அதுவும் மூடின அறைக்குள்ள வர்றது, ரிவ்யூ ஆகாது. 23 தேதியையும், ஒவ்வொண்ணோட ஆய்வக எண்ணையும், குழியையும், அடுக்கையும் வெளிய போட்டா தட்டையை எந்த அளவுக்கு உடைக்க முடியும்னு உலகத்துல எந்த மூலையில இருக்கிறவரும் மடிக்கணினியிலயே ஓட்டிப் பார்த்துடலாம். அதுக்கான மென்பொருள் இலவசம்.

ஏன் இவ்வளவு சண்டை

ஒரு ஐம்பது நூறு வருஷத்துக்கு இவ்வளவு அடிதடியான்னு கேக்கலாம். காரணம் எழுத்து. நாலாவது கட்டத்துல மட்டும் தமிழ்-பிராமி கீறின 56 ஓடு கிடைச்சது, "ஆதன்" மாதிரி பேருங்க. இந்தியாவுல தேதி உறுதியா தெரிஞ்ச பழைய பிராமி, அசோகரோட கல்வெட்டு, கிமு 3-ம் நூற்றாண்டு. வடக்கேயிருந்து எழுத்து தெற்கே வந்துச்சுன்னு பாடப்புத்தகம் சொல்றது அதை வச்சுத்தான். கீழடி ஓடு கிமு 6-ம் நூற்றாண்டு அடுக்கைச் சேர்ந்ததுன்னா அந்தக் கதை முழுக்கத் திருப்பி எழுதணும்.

இதுல ரெண்டு கண்ணி இருக்கு, கவனிங்க. கரிக்கும் அடுக்குக்கும் ஒரு கண்ணி, அடுக்குக்கும் எழுத்துள்ள ஓட்டுக்கும் இன்னொரு கண்ணி. ரெண்டும் உறுதியா இருக்கணும். இந்த விஷயத்துல நான் கீழடியை விடப் பழனி பக்கத்துப் பொருந்தலை அதிகம் நம்புவேன். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோட கா. ராஜன் 2009-ல தோண்டின ஈமச்சின்னம். ஜாடி நிறைய நெல்லு, அதே கல்லறைக்குள்ள எழுத்து கீறின பானைத் தாங்கி. நெல்லுக்கு வந்த தேதி கிமு 490. கண்ணி ரொம்பச் சின்னது, ஒரே நாள்ல ஒண்ணா வச்சு மூடின பொருள். ஒரு வருஷப் பயிர் வேற. அதுவும் தட்டைக்குள்ளதான் விழுது, உண்மைதான். ஆனா தட்டையோட இந்தப் பக்க முனையே கிமு 400, அசோகருக்கு நூத்தி ஐம்பது வருஷம் முன்னாடி. இலங்கையில அனுராதபுரத்துலயும் அசோகருக்கு முந்தின அடுக்குல பிராமி ஓடு கிடைச்சிருக்கு. ஒரே ஊர்ல ஒரு கரியை நம்பி நிக்கிறதை விட, பல ஊர்ல பல ஆளுங்க தோண்டினது ஒரே பக்கம் சாயறது எனக்குப் பெரிய விஷயமாப் படுது.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சுல திறந்தாச்சு. நம்ம செட்டிநாட்டு வீட்டு பாணியிலதான் கட்டியிருக்காங்க, வளவு, தூண் எல்லாம் பார்த்தா சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். போனா பொருளை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. தோண்டின குழிப் பக்கமும் போங்க. சுவர்ல நிறம் மாறுற கோடு தெரியுதான்னு பாருங்க, ஒவ்வொரு கோடும் ஒரு தரை. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனா எண்ணச் சொல்லுங்க.

கொந்தகை பத்தி நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. கீழடி ஆளுங்களைப் புதைச்ச இடம்னு கருதுற ஊர், அங்க கிடைச்ச ரெண்டு மண்டை ஓட்டை வச்சு லிவர்பூல்ல முகம் வரைஞ்சது. எலும்புல டிஎன்ஏ நம்ம ஊர் வெயில்ல எப்படித் தங்குது, தங்குறதே இல்லையாங்கிறது தனிக் கதை. அதை அடுத்த வாரம் பேசுவோம்.